பிரெட் மிஷினுக்கு மதுரை வெயில் தெரியாது

மூடியைத் திறந்தேன். பிரெட்டின் நடுவில் பள்ளம். சாம்பார் ஊற்றினால் நிற்கும், அவ்வளவு பள்ளம். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அத்தை, "இதுக்குத்தான் ஏழாயிரம் ரூவாயா?" என்று கேட்டுவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டார்.

அது ஒரு மே மாதக் காலை. அதே மிஷின், அதே மைதா, அதே ஈஸ்ட், தராசில் நிறுத்துப் போட்ட அதே அளவு. டிசம்பரில் கும்மென்று எழுந்து வந்த பிரெட், மே மாதத்தில் ஏன் இப்படி உட்கார்ந்துபோகிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மிஷின் பழுது என்று நினைத்து வாரண்டி அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதுவரை மூன்று பிரெட் மிஷின் பார்த்தாகிவிட்டது. ஒன்று சும்மா வந்தது, ஒன்று அவசரத்தில் வாங்கியது, ஒன்று யோசித்து வாங்கியது. தெரிந்தவர்கள் யாராவது வாங்க நினைத்தால் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்தக் கம்பெனி நல்லது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் வேறு பத்து கேள்வி நான் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் பிரெட் என்பது காய்ச்சல்காரர் சாப்பாடு இல்லை. மாமாவுக்கு (மாமனாருக்கு) காலையில் டீயோடு இரண்டு துண்டு பிரெட் வேண்டும். பிள்ளைகளுக்கு மாலையில் பன் பட்டர் ஜாம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் வேறு என்ன கேட்கும்? 2016-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை பிரெட்டுகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் மாவில் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருக்கிறது என்று சொன்னது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டுக்குத் தடை போட்டது. அதற்கப்புறம் கடை பிரெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. வீட்டிலேயே போடலாம் என்று ஆரம்பித்தேன். கையால் பிசைந்து, ஓடிஜியில் (சின்ன மின்சார அவனில்) வைத்து, மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு வலது மணிக்கட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிரெட் மாவைப் பதினைந்து நிமிஷம் இழுத்து இழுத்துப் பிசைவது சப்பாத்திக்குப் பிசைவது மாதிரி இல்லை. டாக்டர், "கொஞ்ச நாளைக்குப் பிசையறதை விடுங்கம்மா" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து என் தம்பி நியூஜெர்சியிலிருந்து லீவில் வந்தான். வரும்போதே பெட்டியில் ஒரு பிரெட் மிஷின். "எங்க வீட்ல சும்மாதான்க்கா கெடக்கு. நீ வச்சுக்க." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிளக்கைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது 120 வோல்ட் மிஷின். நம் வீட்டுக்கு வருவது 230. நேரே செருகியிருந்தால் அன்றைக்கே புகைந்திருக்கும். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அம்மிக்குழவி கனம். கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "வோல்ட்டேஜ இது மாத்திரும்க்கா. சைக்கிள மாத்தாது. மோட்டார் வச்ச சாமானா இருந்தா பாத்துக்கங்க."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் கரண்ட் நொடிக்கு 60 சைக்கிள், அதாவது 60 ஹெர்ட்ஸ்; இங்கே 50. இந்த மாதிரி ஏசி (மாறுமின்சார) மோட்டாரின் வேகம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. ஆக, அதே மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், கூடவே சூடும் ஏறும். மாவு என்னவோ பிசைந்தது. ஆனால் அரைகுறை. பிரெட் வெந்து வரும், வாயில் போட்டால் பொலபொலவென்று கேக் மாதிரி உதிரும். துண்டு போட்டு வெண்ணெய் தடவினால் கையோடு கிழியும். நாலு மாதம் கழித்து ஒரு நாள் ரப்பர் கருகும் வாடை வந்தது. நிறுத்தியவள்தான், அப்புறம் போடவே இல்லை.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் வரிசைதான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்கா, கனடா என்றால் வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட், அதுவும் வேண்டாம். சவுதியில் வோல்ட்டேஜ் ஒத்துப்போனாலும் 60 ஹெர்ட்ஸ். சும்மா வருகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சும்மா வருகிற மிஷினை அவசியம் பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் ஏழாயிரம் ரூபாய் மிஷின். கடையில் பார்த்ததும் பிடித்துவிட்டது. வெளியே பளபளவென்று ஸ்டீல், மேலே கண்ணாடி, பத்தொன்பது புரோகிராம். ஜாம், தயிர், கேக், குளூட்டன் (மாவை இழுபட வைக்கும் கோதுமைச் சத்து) இல்லாத பிரெட், என்னென்னவோ. விற்பனைப் பையன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பத்தொன்பது மிஷினை ஒரே விலைக்கு வாங்குகிற மாதிரி இருந்தது.

ஆறு மாதத்தில் கணக்கெடுத்துப் பார்த்தேன். நான் தொட்டது நாலே நாலு: சாதா பிரெட், கோதுமை பிரெட், மாவு மட்டும் பிசைவது, சுட மட்டும் செய்வது. தயிர் நம் வீட்டில் தானாகவே உறைகிறது, அதற்கு எதற்குக் கரண்ட்? கேக் ஒரு தடவை போட்டேன்; மூலையில் கலக்காத மாவு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஜாம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கழுவிய நேரத்தில் அடுப்பிலேயே இரண்டு பாட்டில் காய்ச்சியிருக்கலாம்.

உண்மையில் இந்த மிஷினுக்குள் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், அது சுற்றுகிற ஒரு பிளேடு, பாத்திரத்தைச் சுற்றி ஒரு ஹீட்டர் கம்பி, சூடு பார்க்க ஒரு சென்சார், ஒரு கடிகாரம். பத்தொன்பது புரோகிராமும் இந்த மோட்டாரையும் ஹீட்டரையும் எத்தனை நிமிஷம் ஓட்டுவது என்கிற பட்டியல்தான். சாதா பிரெட்டுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். பிசையும், கொஞ்சம் விடும், மறுபடி பிசையும், பொங்க விடும், ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றை இறக்கும், மறுபடி பொங்க விடும், கடைசி ஒரு மணி நேரம் சுடும். கடிகாரம் சொன்னால் சொன்னதுதான். மாவு பொங்கி முடிந்துவிட்டதா, இன்னும் பாதிதானா என்று அது எட்டிப் பார்ப்பதில்லை.

என் மே மாதப் பள்ளத்துக்கு இதுதான் காரணம். அதை எனக்குப் புரியவைத்தது கம்பெனி சர்வீஸ்காரர் இல்லை. எங்கள் தெருமுனை பேக்கரி மாஸ்டர். பள்ளம் விழுந்த பிரெட்டில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிய்த்து மோந்து பார்த்தார்.

"மாவு ஓவரா எந்திரிச்சிருச்சும்மா. அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே மூச்சு போயிருச்சு. தண்ணி என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"புக்குல வெதுவெதுப்பான தண்ணின்னு போட்டிருக்குண்ணே."

சிரித்துவிட்டார். "வெயில் காலத்துல நாங்க ஐஸ் அள்ளிப் போட்டுப் பிசையுறோம். நீங்க வெந்நீ ஊத்துறீங்க!"

அந்தப் புத்தகம் குளிர் நாட்டு அடுக்களையை மனதில் வைத்து எழுதியது. அறையில் 20, 22 டிகிரி இருக்கும் என்ற நினைப்பில் நிமிஷக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் அடுக்களையில் மே மாதம் காலை எட்டு மணிக்கே 34. சூடு பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட் வேலை செய்யும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஐம்பது நிமிஷத்தில் பொங்க வேண்டியது அரை மணிக்குள் பொங்கி, மிச்ச நேரத்தில் தாங்க முடியாமல் அமுங்கிவிடுகிறது. அப்புறம்தான் ஹீட்டர் வருகிறது. அமுங்கியதைத்தான் அது சுடுகிறது.

பேக்கரிக்காரர்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதை மூன்றால் பெருக்கி 78. அதிலிருந்து அறைச் சூட்டையும் மாவின் சூட்டையும், பிசையும்போது உராய்வில் ஏறுகிற சூட்டையும் கழிக்க வேண்டும். எனக்கு 34, 33, 8. மிச்சம் 3. தண்ணீர் 3 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீரே அவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது. ஆகவே 200 கிராம் தண்ணீரில் ஐம்பது அறுபது கிராம் ஐஸ். ஐஸையும் சேர்த்தே நிறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு கூழாகிவிடும். முழுக் கட்டியாகப் போட்டால் பாத்திரத்தின் பூச்சில் கீறல் விழும். துணியில் சுற்றித் தட்டிப் பொடியாக்கிப் போடுங்கள். ஈஸ்ட்டையும் கால் பங்கு குறைத்தேன். அந்த வருஷம் ஜூனில் பள்ளம் இல்லாத பிரெட் வந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் மிஷினை நான் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. எத்தனை புரோகிராம் என்பது எனக்கு இப்போது பொருட்டே இல்லை. அந்த நிமிஷங்களை என்னால் மாற்ற முடியுமா என்பதைத்தான் பார்க்கிறேன். என் இரண்டாவது மிஷினில் முடியாது. பட்டனை அழுத்தினால் மூன்று மணி நேரம் அது ராஜா. மூன்றாவது வாங்கும்போது, பிசைவதற்கு இத்தனை, பொங்குவதற்கு இத்தனை, சுடுவதற்கு இத்தனை என்று நாமே வைத்துக்கொள்கிற வசதி உள்ளதாகத் தேடினேன். இதைச் சில கம்பெனிகள் 'ஹோம்மேட்' என்றும், சிலர் 'கஸ்டம்' என்றும் போடுகிறார்கள். பெட்டிமேல் பெரிதாகப் போட மாட்டார்கள். கையேட்டை முன்கூட்டியே இறக்கிப் படித்துப் பாருங்கள், புரோகிராம் அட்டவணையில் தெரிந்துவிடும். இந்த ஒரு வசதி இருந்தால் மே மாதத்துக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்ஜெட் ஒத்துவராமல் அந்த வசதி இல்லாததைத்தான் வாங்க முடியும் என்றாலும் குடி முழுகிவிடாது. 'மாவு மட்டும்' என்ற புரோகிராமும் 'சுட மட்டும்' என்ற புரோகிராமும் தனித்தனியே இருக்கிறதா பாருங்கள். முதலாவதில் பிசைய விட்டு, மாவு பாத்திரத்தில் முக்கால் உயரம் வந்ததும் நிறுத்திவிட்டு, இரண்டாவதைப் போட்டுவிடலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டும் தனியாக இல்லாத மிஷினைத் தொடாதீர்கள்.

அடுத்தது பாத்திரத்தின் வடிவம். இதில் நான் பட்ட பாடு சிரிப்பாக இருக்கும். இரண்டாவது மிஷினில் நின்ற வாக்கில் உயரமான பாத்திரம். பிரெட் செங்கல் மாதிரி வராமல் மைல்கல் மாதிரி வரும். குறுக்கே வெட்டினால் துண்டு சின்னச் சதுரம், நெடுக்கே வெட்டினால் டோஸ்டருக்குள் போகாத நீளம். பிள்ளைகள் டிபன் பாக்ஸில் சாண்ட்விச் வைத்தால் மூடி மூடாது. உயரமான பாத்திரத்தில் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் சிவந்தும் போகிறது. ஹீட்டர் கம்பி கீழே சுற்றி இருப்பதால் மேலே சூடு சரியாக எட்டுவதில்லை. படுத்த வாக்கில் நீளமான பாத்திரம் உள்ளதில் கடை பிரெட் வடிவம் கிடைக்கும். ஆனால் நீளப் பாத்திரத்துக்கு ஒரே பிளேடு என்றால் இரண்டு ஓரத்திலும் மாவு தேங்கும். அப்படி வந்தால் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு ரப்பர் கரண்டியால் ஓரத்தைத் தள்ளிவிட வேண்டும். இரண்டு பிளேடு உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பிரெட்டின் அடியில் இரண்டு ஓட்டை விழும். ஓட்டை இல்லாத பிரெட் வேண்டுமென்றால் கடைசிப் பிசைவு முடிந்ததும் கையில் எண்ணெய் தொட்டு மாவைத் தூக்கி பிளேடைக் கழற்றிவிடலாம். நான் முதலில் செய்துகொண்டிருந்தேன். இப்போது ஓட்டையை யாரும் கண்டுகொள்வதில்லை; அந்தத் துண்டு எனக்கு.

பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் மேடாகக் கோடுகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் மாவு உருண்டை பிளேடோடு சேர்ந்து சும்மா சுற்றும், இழுபடாது. இந்தக் கோடுகளுக்குப் பின்னால் எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. 1980-களின் நடுவில் ஒசாகாவில் மட்சுஷிடா கம்பெனி (இப்போதைய பானசோனிக்) வீட்டு பிரெட் மிஷின் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசையவே இல்லை. மேல்பக்கம் வெந்து, உள்ளே வேகாமல் வந்தது. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் இக்குகோ தனாகா என்ற மென்பொருள்காரப் பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பிரெட் மாஸ்டரிடம் போய்த் தொழில் பழகினார். அந்த மாஸ்டர் மாவை வெறுமனே இழுக்காமல் முறுக்கி முறுக்கி இழுப்பதைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார். அந்த முறுக்கை மிஷினுக்குள் கொண்டுவரத்தான் பாத்திரத்துக்குள் மேடுகள் வைத்தார்கள். 1987-ல் மிஷின் கடைக்கு வந்தது. எக்ஸ்ரேயில் தெரியாதது மாஸ்டர் கையில் தெரிந்தது. எனக்கும் தெருமுனை மாஸ்டரிடம்தானே தெரிந்தது!

அளவு விஷயத்தில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. 450, 700, 900 கிராம் என்று பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 700 சரி. வீட்டு பிரெட்டில் கெடாமல் இருக்க மருந்து எதுவும் போடுவதில்லை. நம் ஈரக்காற்றில் மூன்றாம் நாள் பூஞ்சை எட்டிப் பார்க்கும். 900 கிராம் போட்டு மூன்றாம் நாள் குப்பையில் போடுவதைவிடச் சின்னதாக இரண்டு தடவை போடலாம். மிஞ்சினால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும்.

கோதுமை மாவு பிரெட்தான் உங்கள் நோக்கம் என்றால் மோட்டாரைக் கவனியுங்கள். நம் ஊர் ஆட்டா கல் எந்திரத்தில் அரைப்பது. அந்த அழுத்தத்தில் மாவுச்சத்து உடைந்துபோவதால் தண்ணீரை இழு இழு என்று இழுக்கும். மைதாவுக்கு 300 கிராமுக்கு 195, 200 மில்லி தண்ணீர் போதும். அதே ஆட்டாவுக்கு 230, 240 வரை போகும். தண்ணீர் குறைந்தால் மாவு கல்லாகி, மிஷின் முக்கி முனகும், மேடையில் நகரவும் ஆரம்பிக்கும். என்னுடையது கிரானைட் மேடையில் ஒரு சாண் நடந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். இப்போது அடியில் ரப்பர் விரிப்பு. ராத்திரி டைமர் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் மிஷினைச் சுவரோரம் உள்ளே தள்ளி வையுங்கள்.

முழு ஆட்டா பிரெட் கடையில் விற்கும் 'பிரவுன் பிரெட்' மாதிரி மெத்தென்று வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதில் பாதி கேரமல் நிறமும் மைதாவும். நான் ஆட்டா 200, மைதா 100, குளூட்டன் பொடி ஒரு டேபிள்ஸ்பூன் என்று வந்து நின்றிருக்கிறேன். ராகி வேண்டும் என்று மாமா கேட்டார், சர்க்கரை இருப்பதால். ராகியில் குளூட்டன் கிடையாது; மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பிரெட் எழுந்திருக்காது. 60 கிராம் போட்டு 'ராகி பிரெட்' என்று கொடுக்கிறேன். பெயர் மட்டும் பெரிது.

எந்த மாவாக இருந்தாலும், பிசைய ஆரம்பித்து ஏழெட்டு நிமிஷத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிசையும்போது தாராளமாகத் திறக்கலாம். கடைசியாகப் பொங்கும்போதும் சுடும்போதும்தான் கூடாது. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, பாத்திரச் சுவரில் ஒட்டாமல், விரல் வைத்தால் லேசாக ஒட்டிப் பிரிகிற உருண்டையாக இருக்க வேண்டும். வறண்டு இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், சேறாக இருந்தால் ஒரு ஸ்பூன் மாவு. ஸ்பூன் ஸ்பூனாக. மூடியில் கண்ணாடி இருந்தால் இதற்கு உதவும் என்று நினைத்தேன். ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. கண்ணாடிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு கிராம் தராசு வாங்குங்கள். டம்ளரால் மாவு அளக்கிற வரைக்கும் எந்த மிஷினும் ஒரே மாதிரி பிரெட் தராது. 300 கிராம் மைதா, 6 கிராம் உப்பு, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 12 கிராம் சர்க்கரை, 15 கிராம் வெண்ணெய், தண்ணீர் 195. இதுதான் என் அன்றாடக் கணக்கு.

கரண்ட் கதைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்துவார்கள். ஒரு தடவை அதை மறந்து எட்டரைக்கு மிஷினைப் போட்டுவிட்டேன். டாணென்று ஒன்பதுக்குப் போனது. பல மிஷின்களில் பத்துப் பதினைந்து நிமிஷம் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறது. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு நொடி விளக்கு கண்சிமிட்டினால்கூட மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் ஐந்து மணி நேரத் தடைக்கு அந்த வசதி என்ன செய்யும்? மாவை எடுத்து எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தடவிய ஆப்பச்சட்டியில் மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் சுட்டேன். பிரெட்டும் இல்லை, பன்னும் இல்லை, ஏதோ ஒன்று. பிள்ளைகள் அதை இன்னும் கேட்கிறார்கள்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்றால், பிசையும் வரை சுலபமாக ஓடும். சுடும்போது ஐநூறு அறுநூறு வாட் இழுக்கும், பேட்டரி இறங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மோட்டார் உறுமும். சைன் வேவ் பரவாயில்லை. மற்றபடி சாதாரண 5 ஆம்ப் பிளக்கிலேயே ஓடுகிற சாமான்தான், கீஸர் மாதிரி தனி பாயின்ட் வேண்டியதில்லை.

டைமரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் போட்டு வைத்து, காலை ஆறு மணிக்குச் சூடான பிரெட் என்பார்கள். நம் வெயிலுக்குப் பாலும் முட்டையும் அதில் கூடாது. பால் பவுடர் போடுங்கள். தண்ணீர் அடியில், மாவு மேலே, அதன் நடுவில் குழித்து ஈஸ்ட், தள்ளி ஒரு மூலையில் உப்பு. ஈஸ்ட் நனையக் கூடாது. நான் ஒரு முறை மூடி ஓரத்தில் சிந்திய சர்க்கரையைத் துடைக்காமல் விட்டேன். காலையில் பிரெட்டில் எள் தூவிய மாதிரி இருந்தது. எறும்பு.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று. பிளேடும் பாத்திரமும் பெல்ட்டும் தனியாகக் கிடைக்குமா என்று போன் போட்டுக் கேளுங்கள். மிஷின் பல வருஷம் உழைக்கும், பாத்திரத்தின் பூச்சு உழைக்காது. பாத்திரத்தின் அடியில் சுற்றுகிற அச்சில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் தண்ணீர் கசிந்து மோட்டார் பக்கம் இறங்கும். என் இரண்டாவது மிஷின் அப்படித்தான் போனது. புதுப் பாத்திரம் கேட்டால், "அந்த மாடல் நிறுத்திட்டோம் மேடம்" என்றார்கள். மூன்றே வருஷம். என் தவறும் அதில் உண்டு: சிக்கிய பிளேடை எடுக்கப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுவேன். வெளிப்புறம் நனையவே கூடாது. உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் பிளேடு தானாக வரும். பிரெட் வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். பாத்திரத்திலேயே விட்டால் ஓரம் நமுத்துப்போகும்.

செலவு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாவு, வெண்ணெய், ஈஸ்ட், கரண்ட் எல்லாம் சேர்த்தால் கடை விலைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் குறையலாம். மிஷின் விலையை அதில் ஈடுகட்ட வருஷக்கணக்காகும். கரண்ட் ஒரு பிரெட்டுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவுதான், அது பயமில்லை. கை நன்றாக இருக்கிறது, வீட்டில் ஓடிஜியும் இருக்கிறது, வாரம் ஒரு பிரெட் போதும் என்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை. மொறுமொறு ஓடு வைத்த ஐரோப்பிய பிரெட் ஆசைப்படுகிறவர்களுக்கும் இது சரிப்படாது. அவ்வளவு சூடு இதில் ஏறாது.

எங்கள் வீட்டில் இப்போது மூன்றாவது மிஷின் அதிகம் செய்வது பிரெட்கூட இல்லை. மாவு மட்டும் பிசைகிற வேலைதான். பன்னுக்கு அதில் பிசைந்து ஓடிஜியில் சுடுகிறேன். சனிக்கிழமை பரோட்டா மாவு. "நீதான் பிரெட்டு மிஷின்னு சொல்ற, நான் பாத்தவரைக்கும் அது சப்பாத்தி மிஷின்" என்கிறார் அத்தை. பிசைந்து முடிந்து பீப் பீப் என்று கத்தினால் போய் மாவை எடுத்து ஈரத்துணி போட்டு மூடி வைப்பது அவர்தான்.

நாளை மறுநாள் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் எங்கள் ஏரியா பெயர் வந்திருக்கிறது. நாளைக்கே ஒன்று போட்டுவிட வேண்டும். ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேனா என்று போய்ப் பார்க்கிறேன்.